படம் அழகாக இருந்தால் கன்சோல் ஓடிவிடுமா?

1989-இல் வந்த நிண்டெண்டோவின் கேம்பாய் என்ற கன்சோலை, அதாவது வீடியோ கேம் கருவியை, கையில் வைத்து விளையாடியவர்களுக்கு அந்தத் திரை எவ்வளவு சுமார் என்று தெரியும். பாசி பிடித்த தண்ணீர் மாதிரி ஒரு பச்சை, அதன்மேல் நான்கே நான்கு அழுத்தங்களில் உருவங்கள். திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. பகலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார வேண்டும், இருட்டிவிட்டால் டியூப்லைட்டுக்குக் கீழே போக வேண்டும். வேகமாக ஓடும் எந்த உருவமும் தன் பின்னால் ஒரு மங்கல் நிழலை இழுத்துக்கொண்டே போகும்.

அதே ஆண்டில் அடாரி நிறுவனம் லிங்க்ஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. வண்ணத் திரை, பின்னால் விளக்கும் உண்டு. அடுத்த ஆண்டே சேகா தன் கேம் கியரை இறக்கியது. அதுவும் வண்ணம்தான், விளக்கோடுதான். மூன்றையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று ஒரு பையனிடம் சொன்னால் அவன் கேம்பாயைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஆனால் விற்பனைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. கேம்பாயும் அதன் வாரிசான கேம்பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சம் விற்றன. கேம் கியர் ஒரு கோடியைச் சுற்றியே நின்றுவிட்டது. லிங்க்ஸ் அந்த வரிசையில் சேரவே இல்லை.

வீடியோ கேம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வருவது கிராபிக்ஸ்தான். "இதுல கிராபிக்ஸ் எப்படி?" என்று கேட்காமல் யாரும் புதுக் கருவியை வாங்குவதில்லை. அப்படியிருக்க, கிராபிக்ஸில் தோற்றது சந்தையில் ஜெயித்தது எப்படி? ஒரு முறை நடந்திருந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

முதலில் இரண்டு சொற்கள்

புதிதாக வாசிப்பவர்களுக்காக இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

பிளாட்ஃபார்ம் என்று சொல்லும்போது வெறும் பெட்டியை மட்டும் சொல்வதில்லை. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், கணினி, கைபேசி எல்லாமே பிளாட்ஃபார்ம்கள்தான். பெட்டி, அதில் ஓடும் கேம்கள், அந்த கேம்களை எழுதும் நிறுவனங்கள், அதை ஏற்கெனவே வைத்திருக்கும் நம் நண்பர்கள், எல்லாம் சேர்ந்ததுதான் அது. இதில் ஒரு சுழல் இருக்கிறது. நிறையப் பேர் வாங்கினால்தான் நிறுவனங்கள் அதற்கு கேம் எழுதும். நிறைய கேம் இருந்தால்தான் நிறையப் பேர் வாங்குவார்கள். இந்தச் சுழலை முதலில் யார் சுற்றிவிடுகிறார்களோ அவர்கள் பக்கம் காற்று அடிக்க ஆரம்பித்துவிடும்.

கிராபிக்ஸ் என்பதோ ஒரே விஷயம்போல் பேசப்பட்டாலும் உள்ளே நாலைந்து சரக்கு இருக்கிறது. திரையில் எத்தனை புள்ளிகள், அதாவது பிக்சல்கள் என்பது ஒன்று. 1080பி என்றால் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே என்றால் அதைப்போல் நான்கு மடங்கு, சுமார் 83 லட்சம். ஒரு விநாடிக்கு எத்தனை படங்கள் மாறுகின்றன என்பது இன்னொன்று. இதை ஃப்ரேம் ரேட் என்பார்கள். எத்தனை வண்ணங்கள், உருவங்கள் எவ்வளவு நுணுக்கமானவை, வெளிச்சமும் நிழலும் எப்படி விழுகின்றன என்பதெல்லாம் அடுத்து. கடைசியாக, இயந்திர பலத்தோடு சம்பந்தமே இல்லாத ஒன்று: வரைந்தவரின் கைத்திறன். விளம்பரங்கள் முதல் சிலவற்றைப் பற்றித்தான் பேசும், எண்ணிச் சொல்ல முடியும் என்பதால்.

சரி, கேம்பாய்க்குத் திரும்புவோம்.

பில் யார் கட்டுவது?

கேம்பாயின் திரையில் அகலவாக்கில் 160, உயரவாக்கில் 144 புள்ளிகள். கேம் கியரிலும் அதே 160, அதே 144. லிங்க்ஸில் அதைவிடக் குறைவு. ஆக, புள்ளிக் கணக்கில் கேம்பாய் பின்தங்கியே இல்லை. வித்தியாசம் முழுக்க வண்ணத்திலும் விளக்கிலும்தான். அந்த வண்ணத்துக்கும் விளக்கிற்கும் மின்சாரம் வேண்டுமே! கேம் கியர் ஆறு பென்சில் பேட்டரிகளைப் போட்டுக்கொண்டு மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் காலி செய்துவிடும். கேம்பாய் நாலு பேட்டரியில் பத்துப் பதினைந்து மணி நேரம் தாராளமாக ஓடும். விலையும் அப்படித்தான்: அமெரிக்காவில் கேம்பாய் சுமார் 90 டாலர், கேம் கியர் சுமார் 150, லிங்க்ஸ் சுமார் 180.

ஒரு பத்து வயதுப் பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள். நீண்ட பயணம், பாதி வழியிலேயே பேட்டரி தீர்ந்துவிட்டது. அப்பாவிடம் ஒரு முறை கேட்கலாம், இரண்டு முறை கேட்கலாம். மூன்றாவது முறை கேட்டால் கருவியே பெட்டிக்குள் போய்விடும். அழகான வண்ணத் திரை அணைந்து கிடக்க, பக்கத்து சீட்டுக்காரன் பச்சைத் திரையில் டெட்ரிஸ் ஆடிக்கொண்டிருப்பான். டெட்ரிஸுக்கு வண்ணம் தேவையில்லை, மேலிருந்து விழும் கட்டைகள் தெரிந்தால் போதும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்த கேமைக் கருவியோடு சேர்த்தே கொடுத்தது நிண்டெண்டோவின் சாமர்த்தியம்.

கேம்பாயை உருவாக்கியதில் முக்கியப் பங்கு குன்பெய் யோகோய் என்பவருடையது. புதிதாக வந்த தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், பழகி முதிர்ந்து விலை இறங்கிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து அதில் புது விளையாட்டு காட்டுவது அவர் வழி. வண்ணத் திரை அவருக்குத் தெரியாமல் போகவில்லை, வேண்டுமென்றேதான் விட்டார்.

இங்கிருந்து எனக்குக் கிடைத்த ஒரு சின்ன அளவுகோல் உண்டு, இதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கப் பயன்படுத்தப் போகிறேன். கிராபிக்ஸ் எப்போதும் இலவசமாக வருவதில்லை. அதற்கு ஒரு பில் வரும். பணமாக வரலாம், பேட்டரியாக வரலாம், கேம் வரத் தாமதமாவதாக வரலாம், கேம்களே குறைவதாக வரலாம். மக்கள் அழகான படத்தை வேண்டாம் என்று சொன்னதாகச் சரித்திரமே இல்லை. கூட வரும் பில்லைப் பார்த்துத்தான் பின்வாங்குகிறார்கள்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியும்

கேம்பாய்க்கு முன்பே இது ஒருமுறை நடந்திருக்கிறது. 1977-இல் வந்த அடாரி 2600-இல் படங்கள் படு மோசம். பல கேம்களில் ஆள் என்றால் நாலைந்து கட்டங்களை அடுக்கியது மாதிரிதான் இருப்பான். பொம்மை நிறுவனமான மேட்டல் கொண்டுவந்த இன்டெலிவிஷன் அதைவிடத் தெளிவான படம் காட்டியது. தொலைக்காட்சி விளம்பரத்தில் இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீங்களே பாருங்கள் என்று காட்டினார்கள். விளம்பரம் பேசப்பட்டது. ஆனால் அடாரி 1980-இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. கடைகளில் காசு போட்டு ஆடிக்கொண்டிருந்த அந்த ஒரு கேமுக்காகவே ஆட்கள் கருவியை வாங்கினார்கள். மேட்டல் தூரத்தில் இரண்டாவதாகவே இருந்தது.

மறுகோடியில் நியோ ஜியோ. 1990-இல் எஸ்என்கே நிறுவனம், கேம் கூடங்களில் நிற்கும் பெரிய இயந்திரங்களில் என்ன படம் தெரிகிறதோ அதை அப்படியே வீட்டில் காட்டியது. அன்றைக்கு அதைத் தொட ஆளில்லை. விலை 650 டாலர். ஒவ்வொரு கேமும் தனியாக நூற்றுக்கணக்கான டாலர். பில்லைப் பார்த்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றே ரசித்தார்கள்.

நெளியும் தரை

எனக்குப் பிடித்த உதாரணம் முதல் பிளேஸ்டேஷன். சோனி 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. பழைய பிளேஸ்டேஷன் கேம் எதையாவது இன்று ஓடவிட்டு, அதில் தரையை மட்டும் உற்றுப் பாருங்கள். கட்டம் கட்டமாக ஓடு பதித்த தரையாக இருந்தால் இன்னும் நல்லது. நாம் நடக்க நடக்க அந்த ஓடுகளின் கோடுகள் நேராக நிற்காமல் பாம்பு மாதிரி நெளியும். சுவர்களின் மூலைகள் லேசாக உதறும். ஏதோ சூடான காற்றுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போலிருக்கும்.

காரணம் எளிது. முப்பரிமாண உலகத்தைக் கணினி முக்கோணங்களால் கட்டுகிறது. அந்த முக்கோணங்களின் மேல் படத்தைத் தாள் ஒட்டுவது மாதிரி ஒட்டுகிறது. தூரத்தில் இருக்கும் பகுதி சிறிதாகவும் கிட்டத்தில் இருப்பது பெரிதாகவும் தெரிய, ஒட்டும்போது தூரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிளேஸ்டேஷன் அந்தக் கணக்கைப் போடாது. தட்டையாக இழுத்து ஒட்டிவிடும், அதனால்தான் நெளிவு. முக்கோணத்தின் முனைகளையும் அது முழுப் புள்ளிகளில்தான் நிறுத்தும், அரைப் புள்ளியில் நிற்கத் தெரியாது. அதனால் முனைகள் ஒவ்வொரு படத்திலும் ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அங்கே என்று தாவும், அதுதான் உதறல்.

1996-இல் வந்த நிண்டெண்டோ 64 இந்த இரண்டையும் சரியாகச் செய்தது. தரை தரையாக நின்றது. சூப்பர் மாரியோ 64-இல் மாரியோ ஓடும் புல்வெளி ஒரு இடத்திலும் நெளியாது. (நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஒட்டும் படங்களை வைத்துக்கொள்ள அதில் இருந்த இடம் வெறும் 4 கிலோபைட். அதனால் எல்லாப் பரப்பும் கொஞ்சம் கண் மங்கியவர் பார்ப்பது போலக் கலங்கலாக இருக்கும்.) மொத்தத்தில் இயந்திர பலம் நிண்டெண்டோ பக்கம்தான்.

ஆனால் நிண்டெண்டோ கேம்களை கார்ட்ரிட்ஜில், அதாவது கருவியில் செருகும் சிப் பெட்டியில் கொடுத்தது, சோனி சிடியில் கொடுத்தது. கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு அதிகபட்சம் 64 மெகாபைட். சிடியில் அதைப்போல் பத்து மடங்கு கொள்ளும். சிடி அச்சடிக்க ஆகும் செலவு கார்ட்ரிட்ஜோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தீர்ந்துபோனால் சீக்கிரம் மறுபடி அடித்துக்கொள்ளலாம். அதுவரை நிண்டெண்டோவுக்கே ஃபைனல் ஃபேன்டசி வரிசையை எழுதிவந்த ஸ்கொயர் நிறுவனம் சோனி பக்கம் தாவியது இதனால்தான். 1997-இல் ஃபைனல் ஃபேன்டசி 7 மூன்று சிடிகளில் வந்தது. அதை கார்ட்ரிட்ஜில் அடைக்க நினைத்திருந்தால் பெட்டி நிறையக் கொடுத்திருக்க வேண்டும். கேம் எழுதுபவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போக, வாங்குபவர்களும் போனார்கள். நெளியும் தரை 10 கோடியைத் தாண்டியது. நெளியாத தரை 3 கோடியே 29 லட்சத்தில் நின்றது.

கவனியுங்கள், நிண்டெண்டோவில் பில் வந்தது வாங்குபவருக்கு அல்ல, கேம் எழுதுபவருக்கு. அதற்கே இந்தக் கதி.

அடுத்த சுற்று இன்னும் சுருக்கமான கதை. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2, பின்னால் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸையும் நிண்டெண்டோவின் கேம்கியூபையும் விடப் படத்தில் பலவீனம். ஆனால் அது டிவிடி படம் ஓட்டியது. தனி டிவிடி பிளேயர்களே விலை அதிகமாக இருந்த காலம் அது. பழைய பிளேஸ்டேஷன் சிடிகளும் அதில் ஓடின. மற்றவர்கள் வருவதற்குள் ஒன்றரை வருடம் முந்திக்கொண்டது. 16 கோடி விற்று, வீட்டு கன்சோல்களில் இன்றுவரை அதுதான் முதலிடம். எக்ஸ்பாக்ஸ் 2 கோடியே 40 லட்சத்தைச் சுற்றி, கேம்கியூப் 2 கோடியே 17 லட்சம்.

அப்படியானால் கிராபிக்ஸ் ஒன்றுமே இல்லையா?

இந்த இடத்தில் பலர் ஒரு தாவு தாவி, "கேம்ப்ளேதான் (ஆடும் அனுபவம்தான்) எல்லாம், கிராபிக்ஸ் எல்லாம் சும்மா" என்று முடித்துவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசிக்கொண்டு திரிந்தவன்தான். அது சரியில்லை. கிராபிக்ஸ் வேலை செய்யும் இடங்கள் உண்டு.

முதலாவது, அடிமட்ட அளவு ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே போனால் தோல்விதான். கேம்பாயைக் கொடுத்த அதே குன்பெய் யோகோய் 1995-இல் வெர்ச்சுவல் பாய் என்று ஒன்று செய்தார். கண்களை அதற்குள் வைத்துப் பார்க்க வேண்டும். கருப்புப் பின்னணியில் சிவப்புக் கோடுகள் மட்டும் முப்பரிமாணத்தில் தெரியும். சிவப்பு எல்இடி அன்றைக்கு மலிவு, மின்சாரமும் குறைவாகக் குடிக்கும். அவருடைய பழைய சூத்திரம்தான். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தாலே கண் வலி, தலைவலி என்று புகார் வந்தது. ஏழரை லட்சம் சொச்சம் விற்று ஒரு வருடத்துக்குள் மூட்டை கட்டிவிட்டார்கள். சுமாரான படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட உடம்பைப் படுத்தும் படத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, கண்ணால் பார்த்த மாத்திரத்தில் புரியும் பாய்ச்சல். 1994-இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வயதாகிவிட்டது, அடுத்த தலைமுறை வாசலில் நிற்கிறது. அப்போது டாங்கி காங் கன்ட்ரி என்ற கேம் வந்தது. பெரிய கணினிகளில் முப்பரிமாணமாக உருவாக்கிய குரங்குகளைப் படங்களாக மாற்றி அந்தப் பழைய பெட்டிக்குள் இறக்கியிருந்தார்கள். ரோமம் தெரிந்தது, உடம்பில் ஒளி விழுந்தது. தொண்ணூறு லட்சத்துக்கு மேல் விற்றது. இதில் அழகு என்னவென்றால், வாங்குபவருக்கு பில் வரவே இல்லை. வீட்டில் இருக்கும் அதே பெட்டி, அதே டிவி.

மூன்றாவது, எதிரியின் அதே விலையிலோ அதைவிடக் குறைவாகவோ நல்ல படம் கிடைப்பது. 2013-இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் ஒரே மாதத்தில் வந்தன. எக்ஸ்பாக்ஸோடு கினெக்ட் என்ற கேமராவைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலர் வைத்தார்கள், பிளேஸ்டேஷன் 399. விலை குறைந்த பெட்டியே பலமான பெட்டியாகவும் இருந்தது. அந்த ஆண்டின் கால் ஆஃப் டியூட்டி கேம் பிளேஸ்டேஷனில் 1080பி, எக்ஸ்பாக்ஸில் 720பி. நூறு டாலர் குறைத்துக் கொடுத்துப் படத்தையும் தெளிவாகக் காட்டினால் யார்தான் மறுப்பார்கள்? நான்கு ஆண்டுகள் கழித்து மைக்ரோசாஃப்ட் அன்றைக்கு இருந்ததிலேயே பலமான கன்சோலாக எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸை இறக்கியது. விலை மறுபடி 499. அதற்குள் நண்பர்கள் எல்லோரும் பிளேஸ்டேஷனில் கூடியாகிவிட்டது. ஒன்றும் மாறவில்லை.

நான்காவது விஷயம் அதிகம் பேசப்படாதது, ஆனால் என் கணக்கில் இதுதான் பெரியது. இயந்திர பலம் ஆடுபவரைவிட, எழுதுபவருக்குத்தான் முக்கியம். இதற்கு வீ நல்ல சாட்சி.

2006-இல் வந்த நிண்டெண்டோ வீ, படத்தில் முந்தைய கேம்கியூபைவிடக் கொஞ்சம்தான் மேல். போட்டியாளர்கள் எச்டிக்கு, அதாவது அதிகப் புள்ளிகள் கொண்ட தெளிவான படத்துக்குப் போய்விட்ட காலத்தில் அது பழைய 480 வரிகளிலேயே நின்றது. ஆனால் அதன் கன்ட்ரோலரைக் கையில் பிடித்து வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். அதுவரை கன்ட்ரோலரைத் தொட்டே பார்க்காத பாட்டிகள்கூட எழுந்து நின்று ஆடினார்கள். விலை 250 டாலர். பிளேஸ்டேஷன் 3 வந்தபோது 500, 600 டாலர். வீ 10 கோடியைத் தாண்டியது. கதை இங்கேயே முடிந்தால் கேம்பாய் கதைதான். ஆனால் முடியவில்லை. பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் எழுதிய பெரிய கேம்களை வீயில் ஓட்ட முடியவில்லை. ஓட்ட வேண்டுமானால் பாதியை வெட்டி மறுபடி எழுத வேண்டும், எத்தனை நிறுவனங்கள் அந்தப் பாடுபடும்? நிண்டெண்டோவின் சொந்த கேம்களைத் தவிர மற்றவை வறண்டன. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கலைந்தது, சுழல் நின்றது. 2012-இல் வந்த வீ யு ஒரு கோடியே 35 லட்சத்தோடு சுருண்டது. அதன் படம் வீயைவிட நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். புதுக் கருவியா, பழையதோடு மாட்டும் கூடுதல் திரையா என்றே பலருக்கு விளங்கவில்லை.

ஆக, பலவீனமான பெட்டி முதல் நாளில் தோற்பதில்லை. மூன்றாம் வருடம், நான்காம் வருடம், மற்றவர்களின் கேம்கள் அதற்குள் நுழைய முடியாமல் போகும்போதுதான் பிரச்சினை தெரியும்.

எத்தனை முக்கோணம் போதும்?

1990-களில் ஒவ்வொரு தலைமுறையும் வாயைப் பிளக்க வைத்தது. நாலு கட்டமாக இருந்த முகம் மூக்கும் கண்ணுமாக மாறினால் யாருக்கும் தெரியும். ஒரு முகத்தை நூறு முக்கோணங்களிலிருந்து ஆயிரமாக்கினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பத்தாயிரத்தை லட்சமாக்கினால்? அதுவும் பத்து மடங்குதான். ஆனால் ஸ்கிரீனை நிறுத்தி, பெரிதாக்கி, இரண்டையும் அருகருகே வைத்தால்தான் காது மடலில் ஏதோ மாறியிருப்பது தெரியும். இயந்திரம் போடும் உழைப்பு ஏறிக்கொண்டே போகிறது, கண்ணுக்குத் தெரிவது குறைந்துகொண்டே வருகிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இப்போது வரும் பல கேம்களின் செட்டிங்ஸில் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்றில் படம் மிக நுணுக்கம், ஆனால் விநாடிக்கு 30 படங்கள். மற்றொன்றில் நுணுக்கம் கொஞ்சம் குறைவு, ஆனால் 60 படங்கள். முதலாவதை வைத்துக்கொண்டு ஒரு தெருவில் நின்று கேமராவை வேகமாகத் திருப்புங்கள். நிற்கும்போது கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பு வரை அற்புதமாக இருந்த தெரு, திருப்பும்போது தத்தித் தத்தி நகரும். இரண்டாவதுக்கு மாற்றிவிட்டு மறுபடி திருப்புங்கள். தெரு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். 30-இல் ஒரு படம் சுமார் 33 மில்லிவிநாடி நிற்கிறது. 60-இல் அதில் பாதி. பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியும் அதற்கேற்பச் சுருங்கும். நான் முதல் பத்து நிமிடம் அழகான வழியில் ஆடுவேன், முதல் சண்டை வந்ததும் மாற்றிவிடுவேன். பிறகு திரும்பியதே இல்லை.

நான் மட்டுமல்ல. 2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை அறிமுகம் செய்தபோது அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி, இப்படித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஆடுபவர்கள் முக்கால்வாசி நேரம் வேகமான வழியைத்தான் எடுக்கிறார்கள் என்றார். கிராபிக்ஸை விற்கும் மேடையிலேயே வந்த தகவல் இது. அந்தக் கருவியின் விலை அப்போது 700 டாலர், டிஸ்க் டிரைவ் தனி.

நுணுக்கத்துக்கான பில் இப்போது வேறொரு வடிவத்திலும் வருகிறது. 2023-இல் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் மீது நடந்த வழக்கில் சோனி கொடுத்த ஆவணம் ஒன்றில், மறைக்க வேண்டிய எண்களைப் பேனாவால் சரியாக அடிக்காமல் விட்டுவிட்டார்கள். த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு ஆன செலவு சுமார் 22 கோடி டாலர் என்பது அப்படித்தான் வெளியே தெரிந்தது. ஒரு சுவரின் கீறலையும் ஒரு சட்டையின் மடிப்பையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்தாக வேண்டும். ஒரு கேமுக்கு இத்தனை பேர், இத்தனை ஆண்டுகள் என்றால் ஒரு கன்சோலின் ஆயுளில் ஒரு நிறுவனம் எத்தனை கேம் கொடுத்துவிட முடியும்? கேம் குறைந்தால் சுழல் மெதுவாகும்.

இன்னொரு பக்கம் மைன்கிராஃப்ட். உலகமே கட்டை, மரம் கட்டை, மேகம் கட்டை, பன்றியும் கட்டை. ஒவ்வொரு கட்டையின் முகத்திலும் 16-க்கு 16 புள்ளிகளில் வரைந்த ஒரு படம், அவ்வளவுதான். 2023-இல் 30 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. என் அக்கா மகனிடம் ஒருமுறை இதைவிடப் படம் நன்றாக இருக்கும் கேம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடம் மரியாதைக்குப் பார்த்துவிட்டு, "இதுல அந்த மலைய உடைக்க முடியுமா மாமா?" என்றான். முடியாது என்றேன். அவன் வீட்டுக்குக் கூரை போடப் போய்விட்டான்.

கைத்திறன் பற்றி முன்னால் சொன்னேன் அல்லவா, அதற்கும் ஒரு வார்த்தை. 2002-இல் வந்த, செல்டா கேம் வரிசையின் விண்ட் வேக்கர், கார்ட்டூன் படம்போல் தட்டையான வண்ணங்களில் வரையப்பட்டது. அன்றைக்கு நிறையப் பேர் சிறுபிள்ளைத்தனம் என்று முகம் சுளித்தார்கள். அதே காலத்தில் நிஜம் மாதிரியே இருக்கிறது என்று கொண்டாடப்பட்ட கேம்களின் மனித முகங்களை இன்று பார்த்தால் மெழுகுப் பொம்மை மாதிரி இருக்கிறது. விண்ட் வேக்கரின் கடல் இன்றும் நன்றாகவே இருக்கிறது.

மறுபடியும் பேட்டரி

2017-இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் வந்தபோது அதற்குள் இருந்தது என்விடியாவின் டெக்ரா சிப், ஏற்கெனவே ஓரிரு வருடம் பழசு. கையில் வைத்து ஆடினால் 720பி. வீட்டில் டிவியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்படியே உருவிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்ற ஒரு வசதிக்காக மக்கள் படத்தில் விட்டுக்கொடுத்தார்கள். 15 கோடிக்கு மேல் விற்றது. வீ காலத்துப் பிரச்சினையும் இந்த முறை அவ்வளவாக இல்லை. சின்னக் குழுக்கள் எழுதும் கேம்கள் பெருகிவிட்டன, அவற்றுக்கு இந்தப் பலமே போதும். பெரிய கேம்களிலும் சிலவற்றைக் கலங்கலான படத்தோடு எப்படியோ உள்ளே தள்ளிவிட்டார்கள்.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இல் நிண்டெண்டோ கிராபிக்ஸ் பக்கம் ஒரு பெரிய அடி வைத்தது. திரை 1080பி, விநாடிக்கு 120 படங்கள் வரை காட்டும்; முன்பு உள்ளே நுழைய முடியாத பெரிய கேம்கள் இப்போது வருகின்றன. பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை அதில் ஓடும். முதல் நான்கே நாளில் 35 லட்சம் விற்றது. பழைய ஸ்விட்சின் 2019 மாடலில் பேட்டரி நாலரை முதல் ஒன்பது மணி நேரம் நிற்கும் என்று நிண்டெண்டோ சொல்லியிருந்தது. புதியதற்கு அவர்களே போட்டிருக்கும் கணக்கு இரண்டு முதல் ஆறரை மணி நேரம்.